இணையச் செய்தித்தாளுக்கும் ஊர் உண்டு

பிபிசி செய்தித்தளத்தை லண்டனில் திறந்தால் விளம்பரம் இருக்காது. அதையே சென்னையில் திறந்தால் செய்திக்கு நடுவே விளம்பரம் வரும். அமெரிக்காவில் திறந்தால், 2025 ஜூன் முதல், முழுதாகப் படிக்கச் சந்தா கேட்கிறது. செய்தி ஒன்றுதான், எழுதியவரும் ஒருவர்தான். வாசகர் இருக்கும் நாடு மட்டும் வேறு.

காரணம் எளிது. பிரிட்டனில் இருப்பவர்கள் தொலைக்காட்சி உரிமக் கட்டணமாக பிபிசிக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறார்கள். வெளிநாட்டு வாசகர் எதுவும் கட்டுவதில்லை. அதனால் 2007இல் வெளிநாட்டினர் பார்க்கும் பக்கங்களில் மட்டும் விளம்பரம் வந்தது. பிறகு அமெரிக்காவில் சந்தா வந்தது.

இணையத்தில் எதையும் எங்கிருந்தும் படிக்கலாம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிதான் உண்மை. ஒரு செய்தித்தாள் யார் கைக்குப் போகிறது, யார் பணத்தில் நடக்கிறது, கடைசியில் யாருக்காக எழுதப்படுகிறது என்ற மூன்றையும் வாசகரின் இடம் இன்றும் தீர்மானிக்கிறது. எப்படி என்பதை அச்சுக் காலத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

அச்சில் எல்லையை வகுத்தது வண்டி

அச்சுப் பத்திரிகையின் வாசக எல்லை என்பது, அச்சகத்தில் இருந்து கிளம்பும் வண்டி விடிவதற்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான். தொலைவில் உள்ள ஊருக்குக் காலை ஐந்தரைக்குக் கட்டு போய்ச் சேர வேண்டுமானால் முன்னிரவிலேயே பக்கத்தை முடித்தாக வேண்டும். அதனால் தூரத்து ஊர்க்காரருக்கு நள்ளிரவுச் செய்தி கிடைக்காது.

இதை உடைக்க இரண்டே வழிகள். வேகமாகக் கொண்டுபோவது, அல்லது பக்கத்திலேயே அச்சடிப்பது. ‘தி இந்து’ இரண்டையும் செய்தது. 1963இல் பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுசெல்லச் சொந்த விமானங்களை வைத்துக்கொண்டது. 1969இல் பக்கங்களைத் தொலைப்படியாக, அதாவது ஃபேக்ஸ் போலப் படமாக அனுப்பி, வேறு ஊரில் அச்சிடும் முறைக்குப் போனது. ‘தினத்தந்தி’ 1942இல் மதுரையில் தொடங்கியது. ‘தினமலர்’ 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. இரண்டும் ஊர் ஊராக அச்சகம் திறந்துதான் வளர்ந்தன.

பதிப்பு என்ற ஏற்பாடு இதில் இருந்து வந்ததுதான். நெல்லைப் பதிப்பில் தாமிரபரணிக் கரைச் செய்தி இருக்கும், கோவைப் பதிப்பில் நொய்யல் செய்தி இருக்கும். நெல்லை ஜவுளிக்கடைக்காரர் நெல்லைப் பதிப்புக்கு மட்டும் விளம்பரம் கொடுப்பார், அதற்கு மட்டும் பணம் கட்டுவார். ஆக, வாசகர், செய்தி, விளம்பரதாரர் மூவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள். உள்ளூர்ச் செய்திக்கு உள்ளூர்க் கடையே செலவைக் கொடுத்தது.

இணையம் உடைத்தது இந்த வட்டத்தைத்தான். வாசகர் உலகம் முழுக்கப் பரவினார். விளம்பரதாரர் தேடுபொறிக்கும் சமூக ஊடகத்துக்கும் போய்விட்டார். செய்தி நடக்கும் இடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்தப் பிரிவின் விளைவுகள்.

நாம் எங்கே இருக்கிறோம் என்று தளத்துக்கு எப்படித் தெரிகிறது

1. இணையத்தில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அந்த எண்ணும் கூடவே போகிறது.

2. இந்த எண்களை உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் ஒதுக்குகின்றன. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஏப்நிக். எந்த எண் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனது என்ற பதிவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

3. அந்தப் பதிவையும் வேறு தடயங்களையும் வைத்து, இந்த எண் இந்த ஊர் என்று ஊகித்துத் தரவுத்தளமாக விற்கும் நிறுவனங்கள் உள்ளன. செய்தித்தளங்கள் பயன்படுத்துவது அத்தகைய ஊகத்தைத்தான்.

நாடு எது என்பதை இவை பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஊர் எது என்பதில்தான் சிக்கல். கைபேசி இணைப்புகள் பெருநகரங்களில் உள்ள நுழைவாயில்கள் வழியாக இணையத்துக்குள் போகின்றன. அதனால் தேனியில் படிப்பவர் சென்னைக்காரராகவோ பெங்களூருக்காரராகவோ பதிவாகலாம். இணைப்பை வேறு நாட்டுக் கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டவர் நெதர்லாந்துக்காரராகக்கூடத் தெரிவார்.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்காதான், ஆனால் எந்த ஊர் என்று தெரியவில்லை என்ற நிலையில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. இணையக் குற்றவாளியைத் தேடிக் காவல்துறையினரும், ஏமாந்தவர்களும் பல ஆண்டுகள் அங்கே வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். 2016இல்தான் காரணம் வெளியே தெரிந்து புள்ளியை மாற்றினார்கள்.

செய்தித்தாளுக்கு இதில் என்ன வந்தது? ஆசிரியர் மேசையில் உள்ள திரை, வாசகரில் பெரும்பகுதி சென்னை, பெங்களூர் என்று காட்டினால், சிற்றூரில் நமக்கு வாசகரே இல்லை என்று முடிவு கட்டி அங்குள்ள செய்தியாளரைக் குறைப்பது எளிது. அந்த முடிவு தவறான வரைபடத்தின் மேல் எடுத்ததாக இருக்கலாம். வாசக எண்ணிக்கையை நாடு வாரியாக நம்பலாம். ஊர் வாரியாக நம்பும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

மான்செஸ்டரை விட்டு வந்த பத்திரிகை

ஒரு பத்திரிகையின் வாசகர் பரப்பு மாறும்போது பத்திரிகையே எப்படி மாறுகிறது என்று பார்க்க ‘கார்டியன்’ நல்ல உதாரணம்.

1821இல் ‘மான்செஸ்டர் கார்டியன்’ என்ற பெயரில், பருத்தி ஆலைகளின் நகரத்தில் பிறந்தது. 1959இல் பெயரில் இருந்து மான்செஸ்டரை எடுத்தார்கள். 1964இல் ஆசிரியர் அலுவலகம் லண்டனுக்குப் போனது. 1999இல் இணையதளம் முழு வடிவில் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கும் 2003 ஈராக் போருக்கும் பிறகு, தங்கள் நாட்டு ஊடகங்கள் மேல் அதிருப்தி கொண்ட அமெரிக்கர் பலர் அதைத் தேடி வந்து படித்தார்கள். அச்சில் இது நடந்திருக்கவே முடியாது. ஒரு லண்டன் நாளிதழ் ஒஹையோவில் காலையில் கிடைக்க வழியில்லை.

வாசகர் போன இடத்துக்குப் பத்திரிகையும் போனது. 2011இல் நியூயார்க்கில் இருந்து அமெரிக்கப் பதிப்பு, 2013 மே மாதம் ஆஸ்திரேலியப் பதிப்பு. அதே 2013இல் இணைய முகவரியின் கடைசியில் இருந்த ‘யூகே’ போய் ‘காம்’ வந்தது. 1959இல் ஊரைப் பெயரில் இருந்து எடுத்தவர்கள் 54 ஆண்டுகளில் நாட்டை முகவரியில் இருந்து எடுத்துவிட்டார்கள். இன்று தளத்தைத் திறந்தால் நாம் இருக்கும் இடத்தை ஊகித்து, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, சர்வதேசம் என்ற முகப்புகளில் ஒன்றைக் காட்டும். வேண்டாமென்றால் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பரவல் வாசகர் எண்ணிக்கையைக் கூட்டியதோடு நிற்கவில்லை. 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்டு ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களைக் கொண்டு அந்த அமைப்பின் கண்காணிப்பை அம்பலப்படுத்தும் செய்திகளை ‘கார்டியன்’ வெளியிட்டது. ஜூலையில் லண்டன் அலுவலகத்தின் அடித்தளத்தில், பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரிகள் பார்த்திருக்க, அந்தக் கோப்புகள் இருந்த கணினிகளை உடைக்க வேண்டி வந்தது. ஆனால் பிரதிகள் நியூயார்க்கில் இருந்தன. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், வெளியிடும் முன்பே தடுப்பதை அரசுக்கு மிகக் கடினமாக்குகிறது. செய்தி தொடர்ந்து வந்தது. மறு ஆண்டு பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு ‘வாஷிங்டன் போஸ்ட்’டுக்கும் ‘கார்டியன்’ அமெரிக்கப் பிரிவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. வேறொரு நாட்டில் வாசகரைத் தேடிப் போட்ட அலுவலகம்தான் அந்தச் செய்தியைக் காப்பாற்றியது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ‘கார்டியன்’ பல பத்தாண்டுகள் நட்டத்தில் நடந்தபோது அதைத் தாங்கியதில் பெரும் பங்கு ‘மான்செஸ்டர் ஈவ்னிங் நியூஸ்’ என்ற அதே குழுமத்தின் உள்ளூர் மாலைப் பத்திரிகையின் லாபத்துக்கு உண்டு. அந்தப் பத்திரிகையை 2010இல் குழுமம் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. உலக வாசகரை நோக்கிப் போகும் பத்திரிகைக்குப் பிறந்த ஊரின் மாலைப் பத்திரிகை சுமையாகிவிட்டது. கணக்குப்படி அது நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனால் மான்செஸ்டர் நகரமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவரின் சம்பளம் யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வாசகருக்கு என்ன விலை

1. இணைய விளம்பரம் ஏலத்தில் விற்கிறது. பக்கம் திறக்கும் நொடியில், இந்த இடத்தில் இருக்கும் இந்த வாசகருக்கு என் விளம்பரத்தைக் காட்ட இவ்வளவு தருகிறேன் என்று விளம்பரதாரர்களின் நிரல்கள் போட்டியிடுகின்றன. வாங்கும் சக்தி அதிகம் உள்ள நாட்டு வாசகருக்கு விலை அதிகம். ஒரே செய்தியை ஒருவர் அமெரிக்காவிலும் ஒருவர் இந்தியாவிலும் படித்தால், தளத்துக்கு முன்னவரால் பல மடங்கு வருமானம்.

2. மொழியும் சேர்ந்துகொள்கிறது. கூகுளின் விளம்பர வலையமைப்பு தமிழை ஆதரிக்கத் தொடங்கியது 2018இல்தான். அதுவரை தமிழ்த்தளங்கள் அந்த வழியில் முறையாக விளம்பரம் பெற முடியாத நிலை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவு விலை சரிந்து, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கைபேசி வாசகர் பெருகிய நேரம் அது. வாசகர் முதலில் வந்தார், வருமானம் பின்னால்தான் வந்தது.

3. சந்தாவில் கணக்கு வேறு. இங்கே எண்ணிக்கையை விடப் பணம் கட்டும் மனம் முக்கியம். பெரிய பெயர்களுக்குத் தூரத்தில் இருந்தும் சந்தா வரும். ‘நியூயார்க் டைம்ஸ்’ சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். நடுத்தர அளவுள்ள நகரப் பத்திரிகையால் அதைச் செய்ய முடியாது.

இந்த மூன்றாவது புள்ளி இணையத்துக்கு முன்பே தென்பட்ட ஒன்று. லிசா ஜார்ஜ், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார ஆய்வாளர்கள், ‘நியூயார்க் டைம்ஸ்’ அச்சுப் பதிப்பு நாடு முழுவதும் பரவியபோது உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு என்ன ஆனது என்று ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அது நுழைந்த ஊர்களில், கல்லூரிப் படிப்புள்ளவர்களிடையே உள்ளூர்ப் பத்திரிகையின் விற்பனை குறைந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகளோ நாட்டுச் செய்தியைக் குறைத்து உள்ளூர்ச் செய்தியைக் கூட்டின. அது சரியான எதிர்வினைதான். ஆனால் ஊரில் செல்வாக்கு உள்ளவர்கள் உள்ளூர்ப் பத்திரிகையைப் படிப்பதை விட்டுவிட்டால், அந்த ஊரின் குறைகளைக் கேட்டு எதாவது செய்யக்கூடியவர்களின் கண்ணில் அவை படாமலே போகும். இணையம் இந்தப் போக்கைப் பல மடங்காக்கியது.

அருகில் என்றால் எத்தனை மைல்?

புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970இல் ஒரு விதி சொன்னார்: எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு, ஆனால் அருகில் இருப்பவற்றுக்குத் தொடர்பு அதிகம். செய்தி வாசிப்புக்கும் இது பொருந்தும். நம் தெருவில் நடந்த விபத்தைப் படிக்கிறோம், பத்தாவது மாவட்டத்தில் நடந்ததைத் தாண்டிப் போகிறோம். ஆனால் நார்வே நாளிதழ்களில் வந்த வெளிநாட்டுச் செய்திகளை ஆராய்ந்து கல்தூங், ரூகே இருவரும் 1965இல் எழுதிய ஆய்வு ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறது. செய்தியாகும் தகுதியில் பண்பாட்டு நெருக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது அது. ரத்த உறவும் மொழியும் மைல்களைச் சுருக்கிவிடும்.

ஈழத்தமிழர் செய்தித்தளங்களைப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். அவற்றின் மரண அறிவித்தல் பகுதியைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பில் ஒரு பகுதியையோ டொரொண்டோவையோ வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். தொடர்ந்து மகன் லண்டன், மகள் பாரிஸ், சகோதரர் சிட்னி என்று உறவுகளின் நாடுகள் வரும். கடைசியில் ஒவ்வொரு நாட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கும். அச்சில் இந்த அறிவித்தல் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் போயிருக்கும். இப்போது ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்கள் ஐந்து நாடுகளில் இருந்து ஒரே நாளில் படிக்கிறார்கள். இந்த அறிவித்தல்கள் கட்டண விளம்பரங்கள், தளத்துக்கு வருமானமும்கூட. சிதறிப் போன ஒரு கிராமத்தை மறுபடி ஒரே வாசகக் கூட்டமாக்கிய செய்தி வடிவம் இது. வாசகர் பரப்பைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் அரசியல் செய்தியை எண்ணுகிற அளவுக்கு இதை எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் எண்ணம்.

நேரமும் ஒரு புவியியல்தான். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30, அலுவலகம் போகும் நேரம். லண்டனில் கோடைக்கால நேரப்படி நள்ளிரவு தாண்டி 1.30. டொரொண்டோவில் முதல் நாள் இரவு 8.30, சாப்பிட்டுவிட்டுக் கைபேசியை எடுக்கும் நேரம். அச்சில் காலை ஒன்றுதான். இணையத்தில் அதிகாலையில் ஏற்றும் தலைப்பு ஒருவருக்கு அன்றைய முதல் செய்தி, மற்றொருவருக்குக் கடைசிச் செய்தி.

சட்டம் போடும் வேலி

இதுவரை சொன்னது பணமும் பழக்கமும். அரசுகளும் வாசக எல்லையை வரைகின்றன.

2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’, ‘சிகாகோ டிரிப்யூன்’ உள்ளிட்ட சில அமெரிக்கப் பத்திரிகைகள் ஐரோப்பிய வாசகர்களுக்குத் தளத்தை மூடிவிட்டன. ஐரோப்பாவில் இருந்து வரும் சில வாசகர்களுக்காகச் சட்டத்துக்கேற்பத் தளத்தைத் திருத்துவதை விடக் கதவைச் சாத்துவது அவர்களுக்கு மலிவாகப் பட்டிருக்கிறது.

கனடாவில் நடந்தது இன்னும் கடுமை. செய்தி நிறுவனங்களுக்குப் பெருநிறுவனத் தளங்கள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூனில் நிறைவேறியது. அதற்குப் பதிலடியாக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா, ஆகஸ்ட் 1 முதல் கனடாவில் உள்ளவர்களுக்குச் செய்தி இணைப்புகளையே நிறுத்தியது. இரண்டு வாரத்தில் வடக்கே யெல்லோநைஃப் நகரை நோக்கிக் காட்டுத்தீ வந்தது. சுமார் 20,000 பேர் ஊரை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே முகாம் என்று சொன்னது ‘கேபின் ரேடியோ’ போன்ற உள்ளூர்ச் செய்தித்தளங்கள். ஆனால் அந்த இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. மக்கள் செய்தியைப் படமாக எடுத்துப் பகிர்ந்தார்கள். எங்கிருந்தும் படிக்கலாம் என்ற ஊடகம், மிகத் தேவைப்பட்ட ஒரு வாரத்தில், மிகத் தேவைப்பட்ட மக்களுக்குக் கை எட்டாமல் நின்றது. சட்டத்தின் நோக்கம் நல்லதா, மெட்டாவின் பதில் நியாயமா என்று வாதிடலாம். அந்த வாரம் யெல்லோநைஃப் மக்கள் பட்டதில் வாதமே இல்லை.

நேரடித் தடையில் ஒரு விசித்திரம் உண்டு. எந்த இடத்தைப் பற்றிய செய்தியோ, அந்த இடத்தில் மட்டும் அதைப் படிக்க முடியாது. 2007 ஜூனில் இலங்கைக்குள், ஈழத்தமிழர் செய்திகளைத் தரும் ‘தமிழ்நெட்’ தளம் முடக்கப்பட்டது. கொழும்பில் திறக்காத பக்கம் லண்டனில் திறந்தது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தை முழுதாக நிறுத்தியபோது ஸ்ரீநகரின் செய்தியாளர்கள் அரசு அமைத்த ஒரு மையத்தில் சில கணினிகளுக்கு முன் வரிசையில் நின்று செய்தி அனுப்பினார்கள். உலகம் படித்தது, காஷ்மீர் படிக்கவில்லை. ‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியான கருத்துரிமைக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு, காலவரையற்ற முடக்கம் கூடாது என்றது. இருந்தும் அங்கே 4ஜி முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான்.

செய்தி நடக்கும் ஊருக்கு யார் கட்டுவது

வாசகர், செய்தி, விளம்பரதாரர் என்ற வட்டம் உடைந்ததில் மிக அதிகம் இழந்தது சிற்றூர்தான். அமெரிக்காவில் 2005இல் இருந்த சுமார் 8,900 செய்தித்தாள்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 2023க்குள் மூடிவிட்டது. மூடியவற்றில் பெரும்பாலானவை வார இதழ்கள், சிறு ஊர்களின் ஒரே செய்தி ஊற்று. அங்குள்ளவர்களால் ‘கார்டியன்’ படிக்க முடியும், ‘நியூயார்க் டைம்ஸ்’ படிக்க முடியும். தங்கள் பள்ளி நிர்வாகக்குழு நேற்று என்ன முடிவெடுத்தது என்று மட்டும் படிக்க முடியாது. தமிழ்நாட்டில் அச்சுப் பதிப்புகள் இன்னும் மாவட்டப் பக்கத்தைத் தாங்கி நிற்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் தளத்தில் அந்த மாவட்டப் பக்கம் மூன்று சொடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. முகப்பில் இருப்பது எல்லா ஊருக்கும் பொதுவான சினிமாவும் அரசியலும். பரவிக் கிடக்கும் வாசகர்களுக்கு நடுவே பொதுவானது அதுதான் என்று எண்ணிக்கை சொல்கிறது.

மாற்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. அவற்றில் ஒன்று மான்செஸ்டரிலேயே தொடங்கியது. 2020இல் ‘தி மில்’ என்ற சிறு செய்தி நிறுவனம், மின்னஞ்சல் வழியாக, அந்த நகரத்தைப் பற்றி மட்டும் ஆழமாக எழுதுவது என்று இறங்கியது. கட்டணச் சந்தாதாரர்களை நம்பி நடக்கிறது. பக்கப் பார்வைக்காக உலகச் செய்தியைத் துரத்த வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதே முறையில் ஷெஃபீல்டு, லிவர்பூல், பர்மிங்ஹாம் நகரங்களுக்கும் தனித்தனிப் பத்திரிகைகள் வந்துவிட்டன. வெளியூர்க்காரர் சேரத் தடை எதுவும் கிடையாது. ஆனால் சந்தா கட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தந்த நகரத்தையே வாழ்விடமாகக் கொண்டவர்கள் என்பதால், நகரமன்றம், வீட்டு வாடகை, பேருந்து வழித்தடம் ஆகியவையே அங்கே தலைப்புச் செய்தி.